ஒச்சப்பன் மீசையும் நரிக்கல்முடி ஓட்டமும்

ஊத்துப்பட்டியில் திங்கட்கிழமை காலை சித்திரவேலுவின் சலூனில் ஈ கூட உட்காராது. அன்றைக்கு மட்டும் பெஞ்சில் இடமில்லாமல் வாசல்வரை ஆள் நின்றது. யாரும் முடிவெட்ட வரவில்லை. ஜீப் டிரைவர் ஒச்சப்பனின் மீசை எடுக்கப்படுவதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் சேர்ந்து நரிக்கல்முடி உச்சிக்கு மலையோட்டம் வைத்ததில் வந்த வினை அது. அடிவாரத்திலிருந்து இருபத்தோரு கிலோமீட்டர். பாதி காடு, பாதி பாறை. உச்சி எட்டாயிரம் அடி. "அந்த மலையில ஜீப்பத் தோள்ல தூக்கிட்டு ஏறினவன்யா நான். மொத ஆளா உச்சியத் தொடலேன்னா மீசைய எடுத்துர்றேன்" என்று ஒச்சப்பன் இதே சலூனில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு, போய்ப் பெயரும் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடந்தது. முடிவுத்தாளில் நூற்று எண்பத்தாறு பெயர். கடைசிப் பெயர் ஒச்சப்பன். அதற்கு நேரே 'முடிக்கவில்லை' என்று அச்சாகியிருந்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் தேவசகாயம் அந்தத் தாளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சித்திரவேலு ஏற்கெனவே தீட்டிய கத்தியையே திரும்பத் தீட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக வாராவாரம் அவர் வெட்டி, சீவி, முறுக்கி வளர்த்த மீசை அது. கடை போர்டில் வரைந்திருப்பதும் அதுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் 'மீசை சலூன்' என்று கேட்டுத்தான் வருகிறார்கள். நாலாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு ஒச்சப்பன் உட்கார்ந்ததும், ஓடுகிறவர்களுக்காக அங்கே வைத்திருந்த வாழைப்பழத்தையெல்லாம் தின்றுவிட்டுத் தண்ணீர் வண்டியில் ஏறித் திரும்பியதும் அவருக்குத் தெரியும். வண்டிக்காரனே சொல்லிவிட்டான். ஆனாலும், இவன் வாயில் ஏதாவது நல்ல புளுகு வந்து இந்த மீசை தப்பிக்காதா என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒச்சப்பன் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தான்.

"நடந்தது தெரியாம ஆளாளுக்குச் சிரிக்கிறீங்க. ஆறு மணிக்கு விசில் ஊதுனாய்ங்க. அந்தச் சத்தம் என் காதுக்கு வந்து சேர்றப்ப நான் மூணாவது கிலோமீட்டர்ல நிக்கிறேன்."

"அப்ப ஊதுறதுக்கு முந்தியே ஓடியிருக்கே" என்றார் தேவசகாயம்.

"ஊதினப்புறந்தான் சார் ஓடுனேன். சத்தத்தால என்னைப் பிடிக்க முடியல. அது என்ன பண்ணும், பாவம்!"

பெஞ்சு குலுங்கியது. சித்திரவேலு கத்தியை மெதுவாக, இன்னும் மெதுவாகத் தீட்டினார்.

"அஞ்சாவது கிலோமீட்டர்ல ஒத்தைக் கொம்பன் பாதைய மறிச்சுக்கிட்டு நிக்குது. நின்னு பேசிட்டு இருக்க நேரமில்ல. தும்பிக்கையில ஏறி, முதுகுல ஓடி, வால் வழியா இறங்கிட்டேன். ஏதோ ஈ ஓடுதுன்னு நெனச்சு காதை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டுச்சு."

"யானைக்கே தெரியல, எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"சூட்டுல ஷூ புகைய ஆரம்பிச்சிருச்சு. ஓடையில காலை வச்சேன் பாருங்க, ஓடையே கொதிச்சுருச்சு! கீழ எஸ்டேட்ல அந்தத் தண்ணிய மொண்டு அப்படியே டீத்தூளப் போட்டுக் குடிச்சிருக்காய்ங்க. பன்னெண்டாவது கிலோமீட்டர்ல திரும்பிப் பாக்குறேன், என் நிழலக் காணோம். எங்கடான்னு பாத்தா, கீழ ஒரு பாறையில உக்காந்து மூச்சு வாங்குது. 'நீ போண்ணே, நான் பஸ்ல வர்றேன்'னு கையக் காட்டுது."

"உச்சிக்குப் போனியா, இல்லையா? அதைச் சொல்லு" என்றார் தேவசகாயம்.

"போனேனா? தாண்டியே போயிட்டேன் சார்! வேகத்துல நிக்க முடியல. மலை முடிஞ்சப்புறமும் ரெண்டு பர்லாங்கு வெறும் காத்துல ஓடிட்டு, அப்புறம்தான் காலுக்கடியில ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு திரும்பி வந்தேன். வந்து பாத்தா உச்சியில ஒரு ஆள் இல்ல. கொடி இல்ல, மேசை இல்ல. கேரளாப் பக்கத்துக்காரன் ஒருத்தன் மாடு மேச்சுக்கிட்டு இருந்தான். 'எங்கப்பா ஓட்டக்காரங்க?'ன்னு கேட்டேன். 'ஓட்டம் நாளைக்குல்லா சேட்டா, இன்னிக்குச் சனிக்கிழமை'ங்கிறான்."

தேவசகாயம் விரல்விட்டுக் கிழமையை எண்ணிப் பார்த்தார்.

"ஆமா சார். நான் ஓடுன வேகத்துல ஒரு நாள் முந்திப் போய்ச் சேந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சு சனிக்கிழமை முடிச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். அதை எழுதுறதுக்கு அங்க யாரு இருக்கா?"

தேவசகாயம் எழுந்தே விட்டார். "டேய், சனிக்கிழமை பூரா எங்கூட கேரம்போர்டு ஆடிட்டு இருந்தவன் யாரு?"

சித்திரவேலு தீட்டுவதை நிறுத்தினார். போச்சு, மீசை போச்சு என்று நினைத்தார்.

ஒச்சப்பன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதான் சார் என் நிழலு. பஸ்ல நேரா ஊருக்கு வந்திருச்சு. இல்லாட்டி உங்ககிட்ட நான் ஆறு ஆட்டம் தோப்பேனா?"

சிரிப்பில் வாசலில் நின்ற சைக்கிள் சரிந்தது. தேவசகாயத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப தண்ணி வண்டியில இறங்குனது யாரு?"

"நான்தான். சனிக்கிழமையே முடிச்ச ஓட்டத்த ஞாயித்துக்கிழமை மறுபடி முடிச்சா அது மோசடி இல்லையா? நாணயமா நாலாவது கிலோமீட்டர்ல உக்காந்துட்டேன்."

"இதெல்லாம் வேலைக்காகாது. சித்திரவேலு, மீசைய எடுய்யா!"

"தாராளமா எடுங்க" என்றான் ஒச்சப்பன். "ஆனா ஒண்ணு. இது என் மீசை இல்ல. உச்சியில அடிச்ச காத்துல அது பிச்சுக்கிட்டுப் பறந்துபோச்சு. கமிட்டிக்காரங்க விஷயத்தக் கேள்விப்பட்டு, மனசு கேக்காம, முதல் பரிசா ரகசியமா ஒரு மீசை குடுத்தாங்க. அதுதான் இது. நான் எடுக்குறேன்னு சொன்னது என் மீசைய. பரிசுப் பொருள்ல கை வைக்கச் சொல்லி நான் சொல்லல."

தேவசகாயத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"சரிப்பா. இதுக்கு ஒரே சாட்சிதான். பதினெட்டு வருஷமா அந்த மீசையத் தொட்டவரு இவருதான். சித்திரவேலு, நல்லாப் பாத்துச் சொல்லு. இது பழசா, புதுசா? நீ பொய் சொல்ல மாட்டே, ஊருக்கே தெரியும்."

எல்லாக் கண்ணும் அவர் மேல் விழுந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒச்சப்பனின் கண்ணும். அந்தக் கண்ணில் முதன்முதலாகப் பயம் தெரிந்தது.

சித்திரவேலு குனிந்தார். வலது ஓரத்தில் ஒற்றை நரை. இடது நுனியில் அவர் வழக்கமாகக் கொடுக்கும் சின்ன வளைவு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவருக்குத் தெரியும் மீசை. நிமிர்ந்து கத்தியை மடக்கினார்.

"இது புதுசுதான் சார்."

"என்னது?"

"பழசு சனிக்கிழமை சாயங்காலமே இங்க வந்துச்சு." சித்திரவேலுவின் குரல் பிசிறில்லாமல் வந்தது. அவருக்கே ஆச்சரியம். "தனியாத்தான் வந்துச்சு. காத்துல பறந்து வந்த களைப்பு. கதவத் தட்டிட்டு, கூட்டமா இருக்கேன்னு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுச்சு. அதோட முறை வந்ததும் நாற்காலியில உக்கார வச்சு ஓரம் வெட்டி, எண்ணெய் போட்டு விட்டேன். 'இனிமே அவன்கூட இருக்க முடியாதுண்ணே, ரொம்பப் புளுகுறான்'னு கண்ணத் தொடச்சுக்கிட்டுச்சு. நான்தான் ஏழரை மணி கம்பம் பஸ்ல ஜன்னலோரமா இடம் பிடிச்சு ஏத்திவிட்டேன். இப்ப அங்க ஒரு தலைமைக் கான்ஸ்டபிள் மூஞ்சியில நல்லபடியா இருக்கறதா நேத்துத் தகவல் வந்துச்சு."

தேவசகாயம் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் மேலே போர்த்தியிருந்த துண்டை உருவிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தான். சித்திரவேலுவை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏண்ணே," என்றான் வருத்தத்தோடு, "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"