நான்காவது கால்

உப்பு ஆலையைக் காலையிலிருந்து கடல்மூட்டம் சூழ்ந்திருந்தது. வெளியே உப்புக் குவியல்கள் தரையில்லாமல் மிதந்தன. உள்ளே, இரும்பு ஸ்டாண்டின் மேல் ஆளுயர மின்பேனல். அதன் கதவு மூடவில்லை.

சுடலைக்கண் கதவைக் கையால் தள்ளினார். தோளால் தள்ளினார். பிறகு மரச்சுத்தியலை எடுத்தார்.

"கதவை என்ன பாடு படுத்துறீங்க, அண்ணாச்சி?"

எப்சிபா மூட்டத்திலிருந்து வந்து நின்றாள். வயதில் இளையவள்; பேனல் பொருத்தும் இந்த வேலையில் அவருக்குக் குரு. உப்பு லாரியை விற்றுவிட்டு, நரைத்த தலையோடு அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

"பிடிவாதம் பிடிக்குது, மேஸ்திரி. என் மக மாதிரி."

"இன்னும் பேசலையா?"

"சாயங்காலம் ரயில். சென்னையில வேலை. அத்தை வீட்டுலதான் தங்கணும்னேன், சரின்னா. தினமும் போன் பண்ணணும்னேன், சரின்னா. ஒரு வருசத்துல திரும்பிடணும்னேன், தலையை ஆட்டினா. அதோட பேச்சு நின்னுபோச்சு. இப்படியே ரயிலேறிட்டாள்னா..."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

எப்சிபா கதவைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் அருகே குந்தினாள்.

"கால் போல்ட்டெல்லாம் யார் முறுக்கினது?"

"நான்தான். ஒரு கால் தரையில உட்கார மாட்டேன்னுச்சு. விடுவேனா? மூச்சைப் பிடிச்சு முறுக்கி உட்கார வச்சுட்டேன்."

"அது உட்கார்ந்துடுச்சு, மேல கதவுச் சட்டம் கோணிப்போச்சு. ஸ்பேனரைக் கொடுங்க."

ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினாள். கடைசிப் போல்ட் இளகியதும் இரும்பு மெல்ல முனகியது. நான்காவது கால் தரையை விட்டு எழும்பியது. அதன் அடியில் நூல் போல ஒரு வெளிச்சம்.

சுடலைக்கண் குனிந்து பார்த்தார். அந்த இடுக்கு வழியே வெகுதூரத்தில் கடல் தெரிவதுபோல் இருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

எப்சிபா ஒரு தகட்டுத் துண்டை எடுத்து அந்த இடைவெளியில் நுழைத்தாள். கால் எவ்வளவு தூக்கி நின்றதோ, அவ்வளவுக்கே தகடு. பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்கினாள், மூச்சைப் பிடிக்காமல்.

ஒற்றை விரலால் கதவைத் தொட்டாள். அது போய்ச் சேர்ந்துகொண்டது. சத்தமே இல்லை.

வெளியே மூட்டம் விலகி, உப்புக் குவியல் ஒன்று தரைக்கு வந்தது.

"இப்பக் கிளம்பினா ரயிலுக்கு முன்னால வீட்டுக்குப் போயிடலாம், மேஸ்திரி. அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

எப்சிபா ஸ்பேனரைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"கதவுகிட்ட நான் ஏதாவது சொன்னேனா, அண்ணாச்சி?"