உலக்கையில செஞ்ச குச்சி

ஒரு ஊர்ல பனிமயம்னு ஒருத்தி இருந்தா. உப்புக் காத்து அடிக்கிற கடக்கரை ஊரு. அவ நின்னா நிக்க மாட்டா, உக்காந்தா உக்கார மாட்டா. சோத்துல கைய வச்சிக்கிட்டே தெருவ எட்டிப் பாப்பா. உன்ன மாதிரின்னு வச்சிக்கோயேன். கால ஆட்டாதட்டி பிளோமி, பெரியம்மா கட்டிலு கிறீச் கிறீச்சுங்குது. ம் கொட்டு.

"ம்."

அவளுக்கு பூல் ஆட்டம்னா பைத்தியம். பச்சைத் துணி போட்ட மேசை, ஆறு குழி, கலர் கலராப் பந்து. நீளக் குச்சியால வெள்ளப் பந்தத் தட்டணும், அது போயி மத்த பந்தக் குழியில தள்ளணும். ஆளுக்கு ஏழு பந்து, அதெல்லாம் விழுந்த பொறவு கடைசியில கறுப்புப் பந்து. அதத் தள்ளுனவ ஜெயிச்சவ. பரோட்டாக் கடை மாடியில இருந்துச்சு அந்த கிளப்பு. கீழ கொத்துற சத்தம் டக டக டகன்னு, மேல பந்து மோதுற சத்தம் டொக் டொக்குன்னு. அங்கன இருந்த குச்சியெல்லாம் வெண்டைக்கா மாதிரி வளைஞ்சு கெடக்கும்.

பொங்கலுக்குப் பொங்கல் அங்கன போட்டி நடக்கும். பொம்பளைங்க போட்டியில மூணு வருசமா கோப்பை ஒரே ஆளுக்குத்தான். சந்தனமாரின்னு பேரு, எல்லாரும் மாரியக்காம்பாங்க. மூணு வருசமும் ரெண்டாவதா வந்தது யாரு?

"பனிமயம்."

ஆமா. மூணு தடவையும் கடைசிப் பந்துல கோட்டை விட்டா. அதுல அவளுக்கு வயிறு எரிஞ்சுது. கைக்கேத்த ஒரு குச்சி மட்டும் இருந்துச்சுன்னா மாரியக்காவ ஒரு கை பாத்துரலாம்னு நெனச்சா. கடையில தொங்குற குச்சி இல்ல, தன் கைய அளந்து செஞ்ச குச்சி.

அப்போ அவ வீட்டு மூலையில ஒரு உலக்கை நின்னுச்சு. அம்மா சூசையம்மாவோடது. கருங்காலி உலக்கை, தூக்குனா தோளு எறங்கிரும். மிக்ஸி வந்தப்புறம் அதுல பல்லிதான் ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. அத எடுத்துக்கிடட்டுமான்னு கேட்டா.

சூசையம்மா சொன்னா, "எடுத்துக்கோ. ஆனா நீளவாக்குல பாதி வெடிச்சுப் போச்சு, மிச்சத்துல ஒரு குச்சிதான் வரும். எவன்கிட்டயாவது குடுத்துக் கெடுத்துட்டு வந்து நின்னே, வெடிச்ச பாதியால உன்ன இடிப்பேன்."

ஒரே குச்சி. ஒரே வெட்டு. யார்கிட்ட குடுக்குறது? அன்னைக்குப் போச்சு பனிமயத்துக்கு உறக்கம்.

திங்கக்கெழமை தரையில சாக்பீஸால குச்சிய வரைஞ்சு, பிடியில ஒரு மயிலு போட்டா. செவ்வாக்கெழமை மயில அழிச்சிட்டு சங்கு பதிக்கணும்னா. சங்கறுக்குற ஊருல்லா, வெள்ளச் சங்கு கருங்காலியில பளிச்சுன்னு இருக்கும். புதன்கெழமை பேரு போடணும்னா, வியாழக்கெழமை மயிலே இருக்கட்டும்னா. சரக் சரக்குன்னு வெளக்குமாத்தோட வந்தா சூசையம்மா, மயிலு சங்கு எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டா.

அப்புறம் உலக்கையச் சாக்குல சுத்திக்கிட்டு பட்டணத்துக்குப் போனா. தட தட தடன்னு ரயிலு. அங்கன ஒரு பெரிய கடை, கண்ணாடி, லைட்டு, ஏசி. கடைக்காரரு, "மரத்த வச்சிட்டுப் போங்க மேடம், பேரச் சொல்லுங்க, தங்கக் கலர்ல எழுதிரலாம்"ன்னாரு. அவ கைய ஒருத்தரும் பாக்கல. தண்ணி குடிக்கப் போற சாக்குல உள்ள எட்டிப் பாத்தா, செஞ்சு வச்ச குச்சி கட்டுக் கட்டா அடுக்கியிருக்கு, ஒருத்தன் உக்காந்து பேரு மட்டும் எழுதிக்கிட்டு இருக்கான். ஆத்தாடி! உலக்கையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டா.

அப்புறம் கோயம்புத்தூரு. அங்கன ஒரு பையன், புது மெஷினு வச்சிருந்தான். மயிலு வேணும்னா. "செஞ்சிரலாங்க்கா." சங்கு? "செஞ்சிரலாங்க்கா." குச்சி லேசா இருக்கணும்னா. "செஞ்சிரலாங்க்கா." நல்லா கனமாவும் இருக்கணும்னு வேணும்னே சொல்லிப் பாத்தா. "அதுக்கென்னக்கா, செஞ்சிரலாம்!" முடியாதுங்குற வார்த்தையே தெரியாத பயகிட்ட எப்படி ஒத்த உலக்கையக் குடுக்க? அங்கயும் குடுக்கல. ம் கொட்டுறியா, உறங்கிட்டியா?

"ம். மூணாவது ஆளு யாரு?"

அதான் கூத்து. குச்சி செய்ய அந்தப் பக்கத்துலயே பேரு போன ஆளு ஒருத்திதான். மரக் கடைசல் பட்டறை வச்சிருந்தா. கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடையிறவ. அவ கடைஞ்ச குச்சி நூலு பிடிச்ச மாதிரி இருக்கும். யாரு தெரியுமா? மாரியக்காதான்!

யார ஜெயிக்கணும்னு குச்சி கேட்டாளோ, அவகிட்டயே போயி நிக்கணும். பனிமயம் பட்டறை வாசல் வரைக்கும் போவா, திரும்பி வருவா. போவா, வருவா. அங்கன படுத்திருந்த நாயே கொரைக்கிறத விட்டுருச்சு. கடைசியில உள்ள போயிட்டா.

கிர்ர்ர்ருன்னு ஓடுன மெஷின நிறுத்திட்டு, மாரியக்கா உலக்கையத் தட்டிப் பாத்தா. "நல்ல மரம்டி. சொல்லு, எப்படி வேணும்?"

"பிடியில மயிலு வேணும்க்கா."

"வேணாம்."

"சங்கு?"

"பிடியில வேணாம், கைய அறுக்கும். அடியில ஒரு வளையம் போட்டுத் தாரேன்."

"லேசா இருக்கணும்."

"அந்தா மூலையில பூல் மேசை கெடக்கு, நீ விளையாடு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பனிமயத்துக்குக் கோவம் வந்துச்சு, ஆனா மனசுக்குள்ள ஒரு நம்பிக்கையும் வந்துச்சு. இங்கயாவது ஒருத்தி வேணாம்னு சொல்லுதாளே!

ஆனா விளையாடிக் காட்டணுமே. தன் கோளாறு என்னன்னு அவளுக்குத் தெரியும். கறுப்புப் பந்த அடிக்கப் போனா மட்டும் மணிக்கட்டு லேசா வெளிய திரும்பும். அத எதிராளிக்குக் காட்டவா? அப்போ அவ என்ன செஞ்சா, மறைச்சு மறைச்சு வேற மாதிரி விளையாண்டா. மாரியக்கா பாத்தா. "இது உன் கை இல்ல. போயிட்டு வா"ன்னா. மறுநா போயி, பாதி மறைச்சு பாதி காட்டுனா. "இதுவும் இல்ல. போயிட்டு வா." மூணாவது நாளு பனிமயம் உள்ளத உள்ளபடி விளையாண்டா. கறுப்புப் பந்துக்குக் குனிஞ்சா, மணிக்கட்டு வெடுக்குன்னு திரும்புச்சு. நோயாளி வைத்தியர்கிட்ட உடம்ப மறைச்சா பாடை தானடி? காட்டித்தான் ஆகணும்.

"ம்ம்," அப்படின்னா மாரியக்கா. "இதுக்குப் பின்பக்கம் கனம் வேணும். கனம் இருந்தா கை திரும்பாது. கருங்காலி தாங்கும். விட்டுட்டுப் போ."

விட்டுட்டு வந்தா. வந்த பொறவுதான் வெனையே.

கிளப்புல இருந்தவங்க சும்மா இருப்பாங்களா? "எதிராளி கையில கழுத்தக் குடுத்துட்டு வந்திருக்கியே பனி! எவளாவது தன் தலையில தானே மண்ண அள்ளிப் போடுவாளா?" அப்படின்னுட்டாங்க. போச்சு. அந்தப் பேச்சு உள்ள போயி உக்காந்துக்கிச்சு. பட்டறைச் சுவத்துல காத வச்சுக் கேட்டா. கிர்ர்ர், கிர்ர்ர். கெடுக்குறாளோ? கிர்ர்ர். வளைக்கிறாளோ? பாவம், சாப்பிடல, உறங்கல, ஈரலு கருகிப் போச்சு அவளுக்கு.

குச்சி வந்துச்சு. கரு கருன்னு வழுவழுன்னு, அடியில ஒரே ஒரு சங்கு வளையம். பனிமயம் அத மேசையில உருட்டிப் பாத்தா, உருண்டு ஓடுச்சு, ஒரு துள்ளு இல்ல. ஒத்த வெரல்ல நிறுத்திப் பாத்தா, நின்னுச்சு. காதுகிட்ட வச்சுத் தட்டிப் பாத்தா, டங்குன்னு நல்ல சத்தம். ஒரு கொறையும் இல்ல. அதுக்கு அவ என்ன நெனச்சா தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொறைய ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சா! சந்தேகம் பிடிச்சவளுக்கு வெளக்கு வச்சாலும் இருட்டுதான்.

"மாரியக்கா கெட்டவளா?"

பொறு, சொல்றேன். பொங்கல் வந்துச்சு. மாடி நெறைய ஆளு. பனிமயமும் மாரியக்காவும் கடைசி ஆட்டம். டமார்னு பந்து செதறுச்சு. அந்தக் கருங்காலிக் குச்சியால பனிமயம் அடிக்கா, டொக், உள்ள. டொக், உள்ள. அவ ஆயுசுல அப்படி விளையாண்டது கெடையாது. அப்புறம் மேசையில அவளுக்குக் கறுப்புப் பந்து மட்டும்தான் பாக்கி. குழிக்கு நேரா, சின்னப் பிள்ளைகூடத் தள்ளிரும்.

குனிஞ்சா. அப்போ உள்ள இருந்த பேச்சு முழிச்சுக்கிச்சு. மத்த பந்தெல்லாம் விழ விட்டிருக்கா. கறுப்புலதான் வச்சிருப்பா சூது. உன் கோளாறு அதுலதான்னு அவளுக்குத் தெரியுமே. நீதானே காட்டுன?

பனிமயம் நிமுந்தா. கருங்காலிக் குச்சியச் சுவத்துல சாச்சு வச்சா. போயி கிளப்புக் குச்சி ஒண்ண எடுத்துக்கிட்டு வந்தா, அந்த வெண்டைக்காய. எல்லாரும் மொணு மொணுன்னாங்க. பனிமயம் அடிச்சா. மணிக்கட்டு திரும்புச்சு. பந்து குழி வாயில டர்ர்ர்ருன்னு ஆடி, வெளிய வந்து நின்னுருச்சு.

மாரியக்கா எந்திரிச்சா. தன் பந்தத் தள்ளுனா, கறுப்பத் தள்ளுனா, முடிஞ்சுது. கைதட்டு, விசிலு. கோப்பையக் கொண்டாந்து நீட்டுனாங்க. அவ வாங்கல. குழிக்குள்ள கைய விட்டு கறுப்புப் பந்த எடுத்தா. மொதல்ல இருந்த எடத்துலயே வச்சா. வெள்ளப் பந்தையும் அதே எடத்துல வச்சா. சுவத்துல சாஞ்சிருந்த குச்சிய எடுத்து பனிமயம் கையில குடுத்தா.

"இப்ப இதால அடி."

பனிமயம் குனிஞ்சு அடிச்சா. டொக். நேராப் போயி உள்ள விழுந்துச்சு.

விழாம இருந்திருந்தாக்கூட அவளுக்கு அவ்வளவு வலிச்சிருக்காது பிளோமி. விழுந்துச்சு பாரு, அதுல வெந்து போனா. தலைய நிமுத்த முடியல. "நீ ஏதாவது செஞ்சிருப்பன்னு நெனச்சேன்க்கா"ன்னா.

மாரியக்காவுக்குக் கண்ணு செவந்துருச்சு. "மூணு வருசமா நீ பாதிக் கையோட விளையாடுத. உன்னய ஜெயிச்சு எனக்கு அலுத்துப் போச்சுட்டி. முழுக் கையோட ஒரு ஆட்டம் வேணும்னுதான் ராவும் பகலும் கடைஞ்சேன். இன்னைக்கு அந்த ஆட்டம் கெடைக்க இருந்துச்சு. நீ கெடுத்துட்ட." அப்படின்னுட்டு செருப்ப மாட்டிக்கிட்டுப் படியில எறங்கப் போனா.

பனிமயம் என்ன செஞ்சா? அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போனாளா?

"ம்... இல்ல?"

இல்ல. ஓடிப்போயி படிய மறிச்சா. "போகாதக்கா. கோப்பை உனக்கு, நான் கேக்கல. அந்த ஆட்டத்த இப்ப தாரேன், வா." அழுதுக்கிட்டேதான் சொன்னா. கட கட கடன்னு பந்தையெல்லாம் பொறுக்கி மேசையில அடுக்குனா. படியில எறங்குன சனமெல்லாம் திரும்பி ஏறுச்சு. மாரியக்கா மொறைச்சா. அப்புறம் செருப்பக் கழட்டுனா.

"யாரு ஜெயிச்சா பெரியம்மா?"

பனிமயம். கறுப்பு விழுந்தப்போ ஒரு கை அவள இறுக்கிப் பிடிச்சுச்சு, பாத்தா மாரியக்கா. தோத்தவ வாய் கொள்ளாமச் சிரிக்கா. ஜெயிச்சவ ஓன்னு அழுதா. அந்த ஜெயிப்ப ஒருத்தரும் கணக்குல எழுதல. கோப்பை மாரியக்கா வீட்டு அலமாரியிலதான் இருக்கு, அவகிட்டப் போயி யாரு ஜெயிச்சான்னு கேட்டுப்பாரு, பனிமயம்னுதான் சொல்லுவா.

அவ்வளவுதான். கறுப்புப் பந்து குழிக்குள்ள, நம்ம பிளோமி போர்வைக்குள்ள, பெரியம்மா வாய்க்குப் பூட்டு. கண்ண மூடு.