பூட்டிய வீடுகளைச் சுற்றி வந்த ஒச்சம்மாள்

மலைச்சரிவில் இருக்கும் செண்பகமேட்டில் கோடைக்கு மட்டும் விளக்கெரியும் வீடுகள் பதினான்கு உண்டு. சித்திரையில் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள், வைகாசி கழிந்ததும் பூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மீதிப் பத்து மாதமும் அந்த வீடுகளுக்குக் கண்ணாகவும் காலாகவும் இருந்தவர் ஒச்சம்மாள். ஓடு நகர்ந்ததா, குழாய் சொட்டுகிறதா, குரங்கு சன்னலைப் பெயர்த்ததா, எலி மின்கம்பியைக் கடித்ததா என்று தினமும் வீடு வீடாகத் திறந்து பார்ப்பார். ஏதாவது பழுது என்றால் உடையவருக்குப் போன் செய்துவிட்டு, ஆள் பிடித்துச் சரிசெய்வார்.

எந்த வீட்டைத் திறந்தாலும் அவர் முதலில் போவது பூசை அலமாரிக்குத்தான். அங்கிருக்கும் வேலன் படத்தைத் துடைத்து ஒரு பூ வைப்பார். "வேலய்யா, நான் வந்துட்டேன். நேத்து மழைக்குக் குளிருச்சாய்யா?" என்று கேட்பார். ஆளில்லாத வீட்டில் தெய்வத்தைத் தனியே விட்டுப் போகிறார்களே என்று அவருக்கு உள்ளூர வருத்தம்.

அம்மையாரின் மனத்துக்கு மட்டும் ஓய்வே கிடையாது. மாலையில் செண்பகவேலன் கோயிலுக்கு வந்து கைகூப்பி நிற்பார். மணி அடிக்கும் நேரத்தில், ஆறாவது வீட்டுக் குழாயை மூடினோமா என்று ஒரு சந்தேகம் வரும். கால் நிற்காது, ஓடிவிடுவார். போய்ப் பார்த்தால் குழாய் மூடியே இருக்கும். ஊரார் அவருக்கு 'ஓட்டக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

"மனசு ஒரு எடத்துல நிக்காட்டி சாமி எப்படிம்மா தெரிவாரு?" என்று பூசாரி வேலாயுதப் பண்டாரமே ஒருநாள் கேட்டுவிட்டார்.

அம்மையாரின் ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில், அவருடைய சொந்த வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. தோளால் தள்ளித் திறந்து, சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். மதியம் மேட்டு மண் சரிந்து வீட்டை மூடியது. காய்ச்சலில் படுத்திருந்த கணவர் குருசாமி உள்ளே இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மையார் வேலன் சன்னதியில் வந்து நின்றார். "ஒம்மேல எனக்குக் கோவம் இல்லய்யா. பாக்காமப் போனது நான்தான். இனிமே பாக்காமப் போக மாட்டேன்" என்றார். அன்று தொடங்கிய ஓட்டம் அது.

பண்டாரம் அப்படிக் கேட்ட ஆண்டு ஐப்பசியில் விடாத மழை. அம்மையார் கந்த சஷ்டி விரதம் இருந்தார். ஆறாம் நாள் சுவாமி மைதானத்துக்கு எழுந்தருளிச் சூரனை வெல்லும்வரை உடன் நடப்பதாக நேர்ந்துகொண்டார். "இந்த ஒரு நாளாச்சும் என்னை ஒன் பக்கத்துல நிறுத்தி வையி" என்று வேண்டினார். அந்த ஆறாம் நாள் விடியலிலேயே பதினான்கு வீடுகளையும் பார்த்து முடித்துவிட்டு வந்தார்.

மாலை நான்கு மணிக்கு வேலனை வாகனத்தில் ஏற்றினார்கள். மேளம் எழுந்தது. அம்மையாரின் நெஞ்சில் மறுபடியும் அந்தப் பழைய குடைச்சல். காலையில் டாக்டர் வீட்டுப் பின்கதவு திறக்கச் சற்றுக் கடினமாக இருந்ததே! மழையில் மரம் ஊறியிருக்கும் என்று அப்போது நினைத்தார். நேற்று அதே மழையில் அது லேசாகத் திறந்தது. அடிமண் நகர்ந்து நிலை கோணியிருக்குமோ? அந்த வீட்டுக்குக் கீழேதான் சுவாமி போகும் சாலை.

இதுவும் வீண் பயமாக இருக்கட்டும் என்று வேலனின் முகத்தையே பார்த்தார். முகம் தெரியவில்லை, கதவுதான் தெரிந்தது. "மன்னிச்சிருய்யா" என்று அழுதுகொண்டே ஓடினார். பின்னால் சிரித்தார்கள்.

டாக்டர் வீட்டின் தடுப்புச்சுவர் வயிறுபோல் உப்பியிருந்தது. கற்களின் இடுக்கில் செம்மண் தண்ணீர் பீறிட்டது. அம்மையார் விழுந்தெழுந்து சாலைக்கு இறங்கியபோது, ஊர்வலம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் விரித்து நடுச்சாலையில் நின்றார்.

"ஏய், தள்ளு! சாமிய மறிக்கிறியா?" என்று கத்தினார் விழாத் தலைவர் நல்லமுத்து.

"சுவரு உப்பிருச்சுங்கய்யா. போகாதீங்க."

"ஒனக்கு எந்நேரமும் இதே பேச்சுத்தான். காலையில பாத்தேன், நல்லாத்தான இருந்துச்சு!"

"என்னைய மிதிச்சுட்டுப் போங்க. சாமியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் போக விடமாட்டேன்."

தலைவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுவர் விழுந்தது. சத்தம் அடங்கியபோது முன்னே சாலை இல்லை; ஆளுயரத்துக்குக் கல்லும் மண்ணும் கிடந்தன. மேளக்காரர்கள் வாசிக்க மறந்து நின்றார்கள். தலைவர் பிடித்த கையை விட்டுவிட்டு, அதே கையால் கும்பிட்டார்.

மைதானத்துக்கு மிஞ்சியது ஒரே வழி. அது மேட்டில், பூட்டிய வீடுகளின் தோட்டங்கள் வழியே போனது. வாயிற்கதவுகளின் சாவியெல்லாம் அம்மையாரிடமே இருந்தது. "நீ தொறந்து விடும்மா" என்றார் பண்டாரம். அம்மையார் முன்னே நடக்க, வேலன் பின்னே வந்தான். ஒவ்வொரு வாசலிலும் அவர் பழக்கப்படி கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார், சன்னல் கொக்கியை அழுத்திப் பார்த்தார்.

"ஒச்சம்மா, சாமி நிக்கிறாரும்மா" என்றார் பண்டாரம்.

"இந்தக் கொக்கி விழுகல சாமி. ஒரு நிமிசம்."

அப்படியே வீடு வீடாகப் போனார்கள். கடைசித் தோட்டத்தைக் கடந்ததும், வாகனத்தைச் சுமந்து வந்த தாங்கிகள் பதினாறு பேரும் இளைப்பாற அதை இறக்கினார்கள். அம்மையார் வாயிற்கதவைப் பூட்டத் தங்கிவிட்டார். "நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்றார் தலைவர். பதினாறு பேரும் தோள் கொடுத்தார்கள். வாகனம் அசையவில்லை. இன்னும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். மரக்கழி முனகியதே தவிர, சுவாமி எழவில்லை.

பண்டாரம் திரும்பிப் பார்த்தார். அங்கே அம்மையார் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "விடுங்கப்பா. அந்தம்மா வராம இவரு வரமாட்டாரு" என்றார்.

மைதானத்தில் சூரன் காத்திருந்தான்; ஊர் காத்திருந்தது. ஒச்சம்மாள் இரண்டாம் முறையும் பூட்டை இழுத்துப் பார்த்து, மனம் ஒப்பி, மூச்சிரைக்க வந்து வாகனத்தின் பக்கத்தில் நின்றார். தாங்கிகள் தொட்டதும் வேலன் பூக்கூடைபோல் எழுந்தான்.

பிறர் வீட்டைக் காக்க ஓடிய அந்தக் கால்களுக்காகச் செண்பகவேலன் நடுவழியில் காத்து நின்றான். ஒரு நொடியும் ஓயாத மனத்தோடே அவனுக்கு அடியவரான ஒச்சம்மாளின் பாதங்களை நாமும் வணங்குவோம்.