மூட்டத்தில் விளைந்த மூக்குத்தி

கமுதிப் பக்கத்தில் கரிமூட்டம் போடும் இருளாண்டி, மகனுக்குப் பெண் கேட்கப் போன அன்று, மருமகளுக்கு வைர மூக்குத்தி போடுவதாகச் சபையில் சொல்லிவிட்டார். நிச்சயத்தன்று தட்டில் தேங்காய், பழம், பூ எல்லாம் இருந்தன, மூக்குத்தி இல்லை. பெண்ணின் தகப்பனார் பூவலிங்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“மூக்குத்தியை வைங்க சம்பந்தி, அப்புறம் தட்டு மாத்தலாம். என் பொண்ணுக்கு நான் போடுறதாச் சொன்ன தங்க வளையல்கூட ஆசாரி பட்டறையில ரெடியாகிக்கிட்டிருக்கு.”

“வைரம் பாஞ்ச கருவேலங்கட்டையா அடுக்கி மூட்டம் போட்டேன் சம்பந்தி. என்ன விளையும்?”

“கரி விளையும்.”

“அந்தக் கரியில ஒவ்வொரு பொடிக்கும் நாலு கை. சும்மா வெந்தா, எவன் கையை எவன் புடிச்சான்னு தெரியாத சந்தைக் கூட்டம், தொட்டா நொறுங்கும். நல்லா அமுக்கினா, ஒருத்தன் நாலு பேரை இறுக்கிப் புடிச்சுக்குவான். அதான் வைரம்.”

“அமுக்கினது யாரு?”

“என் மாமியார். மூட்டத்து மேல ஏறி உக்காந்தாங்க.”

பின்வரிசையில் இருந்த அந்த அம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். (யானை ஏறி நின்றது என்று சொல்வாரும் உண்டு. அது அந்த அம்மாளுக்கு அஞ்சியவர்கள் திருத்திய பாடம்.)

“பூசணிக்கா தண்டி வைரம்! அறுக்க எந்த வாளும் தாங்கல. கண்ணாடி முன்னால வச்சேன். எதிர்ல இன்னொருத்தன் மின்னுறானேன்னு ரோஷப்பட்டு மோதி மோதி, மூக்குத்தி அளவுக்குத் தேஞ்சுபோச்சு.”

“தேஞ்ச தூளு?”

“அதுல அறுபது பேரு கைகோத்துப் பந்தா உருண்டுட்டாங்க. எவனோ உதைச்சான், ராமேஸ்வரம் தாண்டிப் போயிடுச்சு. மத்தவங்க ஒத்தை அடுக்கா விரிப்பு மாதிரி படுத்துட்டாங்க. யானையைக் கட்டித் தூக்கலாம். ஆனா கண்ணுக்குத் தெரியாது.”

“எங்க அந்த விரிப்பு?”

“அது மேலதான உக்காந்திருக்கீங்க!”

பூவலிங்கம் தம்மையறியாமல் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். பந்தல் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்தது.

“விளையாட்டுப் போதும். மூக்குத்தி இல்லேன்னா தட்டைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க!”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். மணப்பெண் தவமணி அவனையே பார்த்தாள்.

“கோவப்படாதீங்க சம்பந்தி. சட்டைப் பையில வச்சுத்தான் பஸ் ஏறினேன். என்னா நெரிசல்! மேல் கம்பியைப் புடிக்கிறதுக்கு வைரத்துக்குள்ள இருந்தவங்க ஆளுக்கு ஒரு கையை விட்டுட்டாங்க. மிச்சம் மூணு கைப் பிடிதான? அடுக்கடுக்கா வழுக்க ஆரம்பிச்சிட்டாங்க. இறங்கிப் பார்த்தா…”

இருளாண்டி பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார்.

“வைரம் எழுதுமுனை ஆயிடுச்சு.”

“சுத்தி இருக்கிற கட்டை?”

“அது மூக்குத்தி டப்பா சம்பந்தி.”

பூவலிங்கம் துண்டை உதறி எழுந்தார். அவருக்கு முன்பே தவமணி எழுந்து வந்து, பென்சிலை வாங்கி, முனையை நாவில் தொட்டு, மூக்கோரம் கறுப்பாய் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

“மூக்குத்தி போட்டாச்சு மாமா.” பிறகு தகப்பனார் பக்கம் திரும்பிப் பென்சிலோடு இரண்டு கைகளையும் நீட்டினாள். “அப்பா, பட்டறையில இருக்கிற வளையலையும் இதாலயே போட்டு விட்டுருங்க.”

பூவலிங்கம் பென்சிலைப் பார்த்தார், மகளின் வெறுங்கைகளைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

“நல்ல நேரம் போகுது சம்பந்தி. தட்டை மாத்துவோம்.”