வாசலுக்கொரு அடிக்கல்

காட்டின் நடுவே ஒரு பெரிய சேறு. யானையே புதைந்துபோகும் சேறு! அதற்கு அக்கரையில், செம்பி என்ற சருகுமானின் தங்கை நிறைமாதமாக இருந்தது.

"மழைக்கு முன்னாடி வந்துடு அக்கா. தலைப்பிரசவம், பயமா இருக்கு!" என்று கொக்கிடம் சொல்லி அனுப்பியிருந்தது. செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சேற்றின் குறுக்கே கற்பாதை போட்டால், எல்லாரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருவதாக யானை ஒப்புக்கொண்டது. காடே கல் சுமந்தது. செம்பியும் மூக்கால் உருட்டி உருட்டி ஒரு கல்லைக் கொண்டுவந்து சேர்த்தது. பாதை போடும் பொறுப்பு தலைவர் கரடியாரிடம்.

கரடியாருக்கோ மாலை என்றால் உயிர்! "முதலில் அடிக்கல் நாட்டு விழா!" என்று குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, தவளைகள் மேளம் கொட்ட நட்டுவைத்தார். கல்லுக்கு ஒரு மாலை, அவருக்கு ஒரு மாலை.

"எங்க ஆலமரத்தடியில யானை நிக்காதா?" என்று குரங்கு முறைத்துக்கொண்டது.

"நிற்காமல்? உனக்கும் ஒரு நிறுத்தம்!" உடனே அங்கேயும் ஒரு அடிக்கல். பன்றி கேட்டது, கீரி கேட்டது, ஆமை கேட்டது. செம்பி மட்டும் சும்மா இருந்ததா? "என் புதர் வாசலுக்கும் ஒண்ணு!" என்று முண்டியடித்து வாங்கிக்கொண்டது. கேட்டீர்களா கூத்தை!

ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. செம்பி கற்குவியலுக்கு ஓடியது. அங்கே ஒரு கூழாங்கல்கூட இல்லை.

"பாதை எங்கே தலைவரே?"

"அதான் காடெல்லாம் அடிக்கல் நாட்டியாச்சே!" என்று கரடியார் தேனை நக்கினார்.

செம்பிக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு ஓடியபோது தன் வாசல் கல்லிலேயே இடறி விழுந்தது. 'நானும்தானே கேட்டு வாங்கினேன்!' வெட்கமாகப் போயிற்று. சட்டென்று ஒரு யோசனை. மறுபடி கரடியாரிடம் ஓடியது.

"தலைவரே, அடிக்கல்லுக்கே இத்தனை மாலைன்னா, திறப்பு விழாவுக்கு எத்தனை மாலை!"

கரடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, ஆமாம்! ஆனால் திறக்கப் பாதை வேணுமே?"

"என் வாசல் கல்லை முதல்ல எடுத்துக்குங்க!"

அவ்வளவுதான்! கரடியார் போட்ட உறுமலில் எல்லார் வாசலிலும் கல்லைப் பிடுங்கினார்கள். குரங்கு மட்டும் கல்லைக் கட்டிக்கொண்டு அடம்பிடித்தது.

"கல் உன் வாசல்ல இருந்தா, யானை எது மேல நடந்து வரும்?" என்று செம்பி கேட்டது. குரங்கு தலையைச் சொறிந்துகொண்டே விட்டுக்கொடுத்தது.

பொழுது சாய்வதற்குள் பாதை தயார். கரடியார் கழுத்து கொள்ளாத மாலையோடு, "அன்பார்ந்த விலங்குப் பெருமக்களே!" என்று தொடங்கினார். முதல் தூறல் விழுந்தது.

"பேச்சு முடியட்டும்னு நிக்காதீங்க யானையண்ணே, கிளம்புங்க!" என்று செம்பி கத்தியது. கூட்டமே யானைமேல் தொற்றிக்கொண்டது.

செம்பி போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு வலி எடுத்திருந்தது. "வந்துட்டியா அக்கா!" என்று அது செம்பியின் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது. கொட்டும் மழையில் குட்டி பிறந்தது. அப்போதும் இக்கரையில் கரடியார் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒரே ஒரு தவளை கேட்டுக்கொண்டிருந்தது.

ஊர் கூடிச் சேர்த்த கல் பாதையில் கிடந்தால் எல்லாரும் கரை சேரலாம். ஆளுக்கொன்றாக வாசலில் நட்டுக்கொண்டால், அது நம் காலையே இடறிவிடும்.