கரடிக்குட்டியும் அம்மாவின் முதுகும்

ஒரு காட்டில், இலுப்பைப் பூ உதிர்ந்து கிடக்கும் மலைச்சரிவில், ஒரு கரடிக் குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, ஒரே ஒரு குட்டி. குட்டியின் பெயர் சுருளி.

பிள்ளைகளே, கரடிக்குட்டிகள் கால் நோகக் காட்டைச் சுற்றுவதில்லை. அம்மாவின் முதுகில் ஏறி, ரோமத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சவாரி போகும். ராஜ மரியாதைதான்! ஆனால் சுருளியின் கைகளில் பிறந்ததிலிருந்தே பிடிமானம் இல்லை. இடது கையோ ஈரத்துணி மாதிரித் துவளும். முதுகில் ஏற்றிவிட்டால், அம்மா நாலடி வைப்பதற்குள் சறுக்கித் தொப்பென்று விழுந்துவிடும்.

அதனால் அம்மாக் கரடி அதை வாயில் கவ்விக்கொண்டே திரிந்தது. அந்தக் காட்டில் ஒரு சிறுத்தையும் உண்டு. வாயில் குட்டி இருக்கும்போது சிறுத்தை வந்தால் எப்படி உறுமுவது? எப்படிக் கடிப்பது? இதை நினைத்தே அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, நம்ம பிள்ளைக்கு ஏதாவது செய்யணும்ங்க" என்றது.

அப்பாக் கரடிக்கு எதையும் தள்ளிப்போடுவதில்தான் சுகம். "எதுக்கு இப்படி அலட்டிக்கிற? வளர வளரத் தானா சரியாயிடும். மழைக்காலம் போகட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தது.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாளே சுருளியைக் கவ்விக்கொண்டு, பாறைச் சந்தில் வைத்தியம் பார்க்கும் உடும்பிடம் போனது. பிடி என்று வந்துவிட்டால் உடும்பை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

உடும்பு சுருளியின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. "நல்லவேளை, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கூட்டிட்டு வந்தீங்க. இப்ப ஆரம்பிச்சா நிறையச் செய்யலாம்மா. தினமும் கொஞ்ச நேரம் கொண்டு வாங்க."

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றுமுதல் காலையில் குட்டியை உடும்பிடம் விட்டுவிட்டு, கறையான் புற்றைத் தேடிப் போய்விடும். வெயில் ஏறியதும் வந்து கவ்விக்கொண்டு போகும். உடும்பு இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நிம்மதியாகக் கறையான் தின்றது.

குகைக்கு வந்தாலோ, தேனடையைப் பிய்த்துப் பிய்த்துக் குட்டியின் வாயில் ஊட்டியது. சுருளி ஆசையாகக் கையை நீட்டினால், "உனக்கு எதுக்குடா கண்ணு சிரமம்? அம்மா இருக்கேன்ல" என்று கையை மடக்கிவிட்டது.

நாள்கள் போயின. உடும்பு தினமும் பாறையைப் பிடித்து ஏறப் பழக்கியதில், சுருளி அந்தப் பாறையை நன்றாகவே பற்றிக்கொண்டது. அம்மாவின் முதுகில் ஏற்றினால் மட்டும் பழையபடி தொப்!

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாக் கரடியையும் எழுப்பி இழுத்துக்கொண்டு உடும்பிடம் போனது.

"என்ன வைத்தியம் பண்றீங்க? பாறையைப் பிடிக்கிறான், என்னைப் பிடிக்க மாட்டேங்கிறானே!"

உடும்பு அலட்டிக்கொள்ளவில்லை. "வைத்தியத்துக்கு ஒரு சாமான் குறையுதும்மா. அதை இங்க விட்டுட்டுப் போனீங்கன்னா பிள்ளை தேறிடுவான்."

"என்ன வேணும், தேனா? பலாப்பழமா?"

"உங்க முதுகு."

"என்னது!"

"முதுகைக் கழற்றி இந்தப் பாறை மேல வச்சிட்டு, நீங்க வழக்கம்போலப் புற்றுக்குப் போங்க. வெயில் ஏறினதும் வந்து மாட்டிக்கலாம்."

அப்பாக் கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏன்யா, முதுகை விட்டுட்டு இவ எப்படிப் போவா?"

"போக முடியாதுன்னா, முதுகோட சேர்ந்து அவங்களும் இருக்கட்டும்" என்றது உடும்பு. "நாளைக்குச் சிறுத்தை வந்தா, என் பாறையையா பிடிச்சிட்டு ஓடுவான்? என்கிட்ட அவன் இருக்கிறது கொஞ்ச நேரம். மத்த நேரமெல்லாம் உங்ககிட்டதான். அப்ப அவன் கைக்கு வேலையே இல்லாமப் பண்ணிடுறீங்க. உங்களையும்தான் சொல்றேன் ஐயா. உங்க முதுகு இன்னும் அகலம்."

அப்பாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அம்மாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. "எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றது.

அதற்குப் பிறகு அம்மா தேனை ஊட்டவில்லை. தன் பிடரியில் தடவிக்கொண்டது. நக்க வேண்டுமென்றால் சுருளி ஏறித்தான் ஆக வேண்டும், பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்பாக் கரடி குப்புறப் படுத்து, குட்டியை முதுகில் ஏற்றி, இப்படியும் அப்படியும் ஆடியது. படுப்பது அதற்குக் கைவந்த கலையாயிற்றே! சுருளி சருகில் விழுந்து சிணுங்கும்போதெல்லாம், ஓடிப்போய்த் தூக்க அம்மாவின் மனசு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏறுடா ராசா, இன்னொரு தடவை" என்னும்.

இடது கை கடைசிவரை முழுதாக மூடவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருந்த அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தது. வலது கையால் பிடித்து, இடது முழங்கையை ரோமத்துக்குள் செருகி, பல்லாலும் கவ்விக்கொண்டால் சுருளி விழுவதில்லை. உடும்பிடம் போய்ச் சொன்னது.

"அட, இது எனக்குத் தோணலையே! அவன் பிடி அதுதான்மா. அப்படியே பழக்குங்க" என்றது உடும்பு.

மழை பிடித்த ஒரு மாலையில், சுருளியை முதுகில் ஏற்றிக்கொண்டு அம்மா வரும்போது, புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது.

"சுருளி, பிடிச்சுக்கோ!" என்று கத்திய அம்மா, பின்கால்களில் எழுந்து நின்று உறுமியது பாருங்கள், காடே அதிர்ந்தது! சுருளி முதுகில் தொங்கியது, விழவில்லை. வாயில் குட்டியோடு திரியும் கரடியைத்தான் சிறுத்தைக்குத் தெரியும். இந்தக் கரடியைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

அப்பாக் கரடி மூச்சிரைக்க ஓடி வந்தது. "போயிருச்சுடா கண்ணு, இறங்கு."

சுருளி இறங்கவில்லை. கையையும் விடவில்லை, பல்லையும் விடவில்லை. அம்மாவின் பிடரி சுரீரென்றது.

"வலிக்குதா?" என்றது அப்பா.

"வலிக்குதுங்க" என்று சிரித்தது அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."

நீதி: பிள்ளையின் குறைக்கு வைத்தியரைச் சீக்கிரமே தேடு, தேடிய பிறகு நீ விலகி நில்லாதே.