சிங்க ஓலையும் யானை ஓலையும்

ஒரு காட்டில் பட்டுப்போன இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதன் பெரிய பொந்தில் ஒரு மரநாய் கொட்டைக் கிடங்கு வைத்திருந்தது. நாற்பது அணில்கள் அதற்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கொட்டை உடைத்தன. வாசலில் ஓர் ஓணான் காவல். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டும், ஆனால் ஒருவரையும் உள்ளே விடாது!

அணில்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பவளம் என்ற கிளி செயலாளர். மஞ்சி என்ற மைனா துணைச் செயலாளர். சங்கத்தார் கிடங்குக்குள் நுழையச் சட்டம் உண்டு. ஒன்றல்ல, இரண்டு!

காடு முழுவதற்கும் சிங்கத்தின் சட்டம். சிங்கத்தின் அனுமதி ஓலை இருந்தால் நுழையலாம், ஆனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மலைப்பக்கத்துக்கு மட்டும் யானையின் சட்டம். உயிருக்கு ஆபத்து என்றால் யானை ஓலை உள்ளவர் அந்த நொடியே நுழைந்து வேலையை நிறுத்தலாம். ஆனால் அவரிடம் சிங்க ஓலையும் இருக்க வேண்டும் என்று சிங்கம் ஒரு வரி சேர்த்துவிட்டது. ராஜா இரண்டு பேர் இருந்தால் இப்படித்தான்!

பவளத்திடம் சிங்க ஓலை இருந்தது. யானை ஓலைக்குப் பத்து நாள் பயிற்சி. "செயலாளருக்கே பயிற்சியா?" என்று அது போகவில்லை. மஞ்சி போய் வாங்கி வந்தது. ஆனால் மஞ்சியின் சிங்க ஓலை காலாவதி ஆகியிருந்தது. புதியது கேட்டு எழுதிப்போட்டிருந்தது.

மஞ்சியைக் கண்டாலே பவளத்துக்கு வயிறு எரியும். பவளம் அரை மணி நேரம் முழங்கினால் அணில்கள் கொட்டாவி விடும். மஞ்சி "பல்லு வலி தேவலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அத்தனையும் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும்.

"தொண்டை கிழியப் பேசுறது நான்! கூட்டம் சேருறது அவளுக்கா?" என்று பவளம் பொருமியது.

மஞ்சியின் புது சிங்க ஓலை செயலாளர் கைக்கு வந்தது. பவளம் அதை வாங்கித் தன் கூட்டுக்கடியில் செருகிவிட்டது. 'ரெண்டு ஓலையும் கிடைச்சா அவ நினைச்ச நேரம் உள்ளே போவா. அப்புறம் என்னை யார் தேடுவா?'

"பவளம் அக்கா, என் ஓலை வந்துதா?" என்று மஞ்சி தினமும் கேட்டது.

"எங்கே வந்துது! சிங்கம் தூங்குதோ என்னவோ!"

இப்படியே எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலை வரிச்சி என்ற அணில் மரத்தின் ஓட்டை வழியே தலையை நீட்டிக் கத்தியது.

"அக்கா! மரம் விரிசல் விடுது! எழுந்து போனா வேலை போச்சுன்னு முதலாளி மிரட்டுறாரு!"

பவளத்துக்குப் பயம் வந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்தது. தான் மட்டும் போய்க் காப்பாற்றினால் பேர் முழுக்கத் தனக்குத்தானே! மஞ்சிக்குச் சொல்லாமல் வாசலுக்குப் பறந்தது.

"இதோ சிங்க ஓலை! வழி விடு!"

ஓணான் தலையாட்டியது. "சரிங்கம்மா. நேத்தே சொல்லிட்டீங்களா?"

"மரம் சாயுது! எப்படி நேத்தே சொல்றது?"

"அப்ப யானை ஓலை காட்டுங்க."

அதற்குள் சத்தம் கேட்டு மஞ்சி வந்துவிட்டது. "என்கிட்ட யானை ஓலை இருக்கு! விடுங்க!"

ஓணான் அதற்கும் தலையாட்டியது. "சிங்க ஓலை?"

மஞ்சி பரிதாபமாகப் பவளத்தைப் பார்த்தது. பவளம் ஓணான் பக்கம் திரும்பிக்கொண்டது. ஓலையைக் கொண்டுவந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்! ஓணானோடு மறுபடி வாதாடியது, அதட்டியது, கெஞ்சியது. உள்ளே மரம் மடமடவென்று முறியத் தொடங்கியது. அணில்கள் அலறின. அதற்குமேல் தாங்காமல் பவளம் கூட்டுக்குப் பறந்துபோய் ஓலையைக் கொண்டுவந்து மஞ்சியிடம் போட்டது.

ஓணான் இரண்டு ஓலையையும் பார்த்து வழி விட்டது. "வேலை நிறுத்தம்! எல்லாரும் வெளியே!" என்று மஞ்சி கத்திக்கொண்டே நுழைந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்துறே?" என்று மரநாய் சீறியது.

"சிங்கத்தையும் யானையையும் கேட்டுத்தான்!"

அணில்கள் முட்டி மோதி வெளியே பாய்ந்தன. சின்ன அணில்களை முன்னே தள்ளிவிட்டு வரிச்சி கடைசியாக வந்தது. மரம் விழுந்தது. வரிச்சி உயிர் பிழைத்தது, ஆனால் வால் நசுங்கிப் போயிற்று. இனி அது கிளைக்குக் கிளை தாவ முடியாது.

வரிச்சி மஞ்சியின் சிங்க ஓலையை எடுத்துப் பார்த்தது. "இதுல போட்டிருக்கிற தேதி எட்டு நாளைக்கு முந்தினது. ஏன்க்கா?"

பவளம் அழுதுவிட்டது. "பொறாமையிலதான் ஒளிச்சு வச்சேன். நீங்க எல்லாரும் மஞ்சியைத் தேடுறதை என்னால பார்க்க முடியலை."

"நாங்க உள்ளே மாட்டிக்கிட்டிருந்தப்ப உங்க ரெண்டு பேர்ல யாருன்னு பார்க்கலைக்கா," என்றது வரிச்சி. "யாராவது வருவாங்களான்னுதான் வாசலையே பார்த்துட்டிருந்தோம்."

தொழிலாளிக்காக நிற்பவர்கள் தங்களுக்குள் பொறாமைப்பட்டால், வாசலை அடைக்க முதலாளிக்குப் பூட்டே தேவையில்லை.